பதினாறாம் நாளுக்கு மறுநாள்

நிலாக் கணக்கில் மாதத்தின் இரண்டாம் நாளும் பதினாறாம் நாளும் வந்துவிட்டால், சாய்-யுன் வீட்டிலிருக்கும் பிளக்குகளையெல்லாம் பிடுங்கிவிடுவாள். வாசலில் மடக்கு மேசையை விரித்து, அவித்த கோழி, பொரித்த மீன், ஆரஞ்சு, பிஸ்கட் பாக்கெட்டுகள் என்று அடுக்கி வைத்த பிறகு, ஊதுபத்தி கொளுத்துவதற்கு முன்னால் வீட்டுக்குள் ஒரு சுற்று வருவாள். மின்விசிறி, தையல் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, கணினி. ஒவ்வொன்றையும் கையால் பிடித்து இழுத்து, முள்ளைத் துணியால் துடைத்து, வயரைச் சுருட்டி வைப்பாள். குளிர்சாதனப் பெட்டிக்கு மட்டும் விலக்கு. மறுநாள் காலையில்தான் எல்லாம் திரும்பச் சுவருக்குப் போகும்.

கடை வைத்திருப்பவர்களும் வீட்டோடு தொழில் செய்பவர்களும் நிலத்துச் சாமிக்குப் படைக்கும் நாள்கள் அவை. பிளக்கைப் பிடுங்கச் சொல்லி எந்தச் சாமியும் கேட்கவில்லை. அது அவளாகச் சேர்த்துக்கொண்டது. சந்து முனையில் இருந்த குடைக்கடை ஒரு படையல் நாளில் எரிந்துபோனது. வயரில் கோளாறு என்றார்கள் தீயணைப்புக்காரர்கள். சாமிக்கென்று காகிதப் பணம் எரித்தபோது பறந்த கங்கு என்றார்கள் சந்துக்காரர்கள். இரண்டு பக்கமும் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருக்க, சாய்-யுன் வீட்டுக்கு வந்தாள். இரண்டும் சேர்ந்துதான் எரித்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து கங்கு பறக்கும் நாளில் வயரில் உயிர் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் ஷுய்-மூ நகராட்சியில் குப்பை வண்டி ஓட்டுகிறவர். வாய் ஓயாதவர்.

"சாமி வர்ற நேரமாப் பாத்து வீட்ட இருட்டாக்கி வெக்கிறியே. மனுஷன் தடுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்பார்.

"சாமிக்குக் கண்ணு தெரியும்," என்பாள் அவள். அதற்கு மேல் பேச்சு நீளாது.

பேச்சு அவளுக்கு எப்போதுமே கொஞ்சம்தான். ஹூவெய் ஊரின் தென்பக்கம் கரும்புக் கொல்லைகளை ஒட்டிப் பிறந்தவள். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அடுத்து அவள் போயிருக்க வேண்டிய பள்ளி ஷிங்-ஆன் நடுநிலைப்பள்ளி. சீருடைக்கு அளவெடுக்கும் வாரத்தில் அவளைக் கையுறைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கற்றுக்கொண்ட ஊசிதான் அவளுக்குச் சோறு போட்டது. கல்யாணமாகி வந்த பிறகு, முன்னறையில் ஓர் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு சீருடைச் சட்டைகளின் நெஞ்சில் பிள்ளைகளின் பெயரையும் வகுப்பு எண்ணையும் பூத்தையலில் போடும் வேலையை எடுத்தாள். இருபது வருஷத்துக்கு மேலாக ஷிங்-ஆன் பள்ளியின் பெயர்கள் எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகின்றன.

சந்தையில் எதிரே வரும் பிள்ளையின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நெஞ்சைத்தான் பார்ப்பாள். எந்தப் பெயரின் கடைசிக் கோடு நூல் அறுந்து மறுபடி போட்டது, எந்த எண்ணை அடைமழை நாளில் தைத்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. அது அவளுக்குச் சௌகரியமாகவே இருந்தது.

பட்டியல்கள் முன்பு காகிதத்தில் வந்தன. பிறகு, சீருடை மொத்த வியாபாரம் செய்யும் லியாவ் முதலாளியம்மா தன் கடையின் பழைய கணினியை இவள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். புதுத் திரை ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். பள்ளியிலிருந்து பெயர்கள் வரவர அவர் கடையில் கிளவுட் கணக்கில் போட்டுவிடுவார்கள். அது தானாகவே இவள் வீட்டுக் கணினியில் வந்து நிற்கும். காலையில் கணினியைத் திறந்து, புதிதாக வந்திருக்கும் பெயர்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தைப்பாள். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் வருஷம் வம்பு தொடங்கியது. ஒரு காலையில் பட்டியல் வரவில்லை. நடுத்திரையில் ஒரு சின்னக் கட்டம். 'கணக்குடன் இணைக்க முடியவில்லை. மீண்டும் முயலவும்.' மீண்டும் முயன்றாள். அதே கட்டம்.

ஷுய்-மூ வந்து இணையப் பெட்டியை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் பார்த்தால் பட்டியல் வந்து நின்றது.

"பாத்தியா? உடனே கேக்காது. அதுக்கும் ரோசம் இருக்கு. ஒரு ராத்திரி யோசிச்சுட்டுத்தான் கேக்கும்," என்றார்.

அடுத்த முறை அவர் அணைத்துப் போட்டும் வரவில்லை. எதிர்வீட்டில் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கும் ஜின்-ஹுவா ஒரு வைத்தியம் சொன்னாள். "பச்சைப் பொட்டலம் வெச்சியா? வெக்காம எப்படி வேல செய்யும்?"

தேங்காய் வாசம் அடிக்கும் சோளப் பொரிப் பொட்டலம் அது. அதன் பெயருக்கே சமர்த்து என்றுதான் அர்த்தம். பணம் எடுக்கும் இயந்திரத்திலிருந்து மருத்துவமனைக் கணினி வரை எல்லாவற்றின் தலையிலும் ஒன்று உட்கார்ந்திருக்கும். பச்சையாக இருக்க வேண்டும். தேதி முடிந்திருக்கக் கூடாது. பிரித்துத் தின்னவும் கூடாது. இந்த மூன்று விதியில் ஒன்று தப்பினாலும் இயந்திரம் முறுக்கிக்கொள்ளும். சாய்-யுன் படையலில் வைத்திருந்த ஒரு பொட்டலத்தை எடுத்து, கணினியிடம் கொண்டுவந்தாள். புதுத் திரை தகடு போல மெலிசு. மேலே எதுவும் நிற்காது. ஜின்-ஹுவாவின் மருமகள் ஷாவ்-திங் மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவள். அவள்தான் வந்து, "எங்க ஆபீஸ்ல இப்படித்தான்க்கா," என்று திரையின் கீழே வலது ஓரத்தில் டேப் போட்டுக் கச்சிதமாக ஒட்டினாள். அடுத்த நாள் பட்டியல் வந்துவிட்டது.

ஆனால் அதற்கடுத்த பதினைந்து நாளில் மறுபடியும் அதே கட்டம். ஷாவ்-திங் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தாள். வந்தது. பிறகு நின்றது. இணையக்காரர் வந்து வயரை மாற்றினார். வந்தது. நின்றது. ஒரு முறை சாய்-யுன் தானே கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்க, கணக்கையே பூட்டிவிட்டார்கள். அன்று முழுக்க அவள் யாரிடமும் சொல்லாமல் ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடந்தாள். ஒவ்வொருவரும் தன் வைத்தியம்தான் பலித்தது என்று சத்தியம் செய்தார்கள். எந்த வைத்தியமும் இரண்டாம் முறை பலிக்கவில்லை.

ஏழாம் மாதம் வந்தது. பள்ளி திறக்கும் காலமும் அதுதான். அலைகிற ஆத்மாக்களுக்குக் கதவு திறந்துவிடும் மாதம் என்பதால் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள். நல்ல சகோதரர்கள் என்பார்கள். மாதத்தின் இரண்டாம் நாள் படையல் போட்டதற்கு மறுநாள், கட்டம் மறுபடி வந்து நின்றது. லியாவ் முதலாளியம்மாவின் கடையிலிருந்து சட்டைகள் வந்து குவிந்துவிட்டன. சும்மா இருக்க முடியாமல், ஏற்கெனவே கணினியில் இருந்த பட்டியலைப் பார்த்து ஒரு வகுப்புச் சட்டைகளைத் தைத்து முடித்தாள்.

அதற்குள் பள்ளியில் பிள்ளைகளை வகுப்பு மாற்றியிருந்தார்கள். மாற்றிய பட்டியல் மேலே எங்கோ காத்துக்கொண்டிருந்தது, இவளிடம் வரவில்லை. எண்கள் எல்லாம் தப்பு. ஒவ்வொரு சட்டையாக நூலைப் பிரித்தாள். நூல் போகும், ஊசி போட்ட துளை போகாது. ஆவி காட்டி, நகத்தால் தேய்த்து, துளையின் மேலேயே புதுத் தையல் விழும்படி மறுபடி தைத்தாள். விரல் நுனி வெந்துபோயிற்று.

முதலாளியம்மா தொலைபேசியில் வந்தார். கோபக்காரர் இல்லை; பரபரப்புக்காரர்.

"சாய்-யுன், என்னம்மா இது? நான் போட்ட லிஸ்ட்டப் பாக்கவே இல்லயா நீ?"

"வரலீங்க."

"வராம எங்க போகும்? எனக்கு இங்க கண்ணு முன்னாடி நிக்குது! போன்ல ஒவ்வொண்ணா சொல்லவா முடியும்? ஸ்கூல்ல நிமிஷத்துக்கு ஒரு பேர மாத்துறான்."

"சரிங்க."

"எல்லாத்துக்கும் சரிங்க. இங்க பாரு, கோச்சுக்காத. ஒனக்கும் வயசாயிட்டு வருது. கம்ப்யூட்டர் ஒத்துவரலன்னா ஒத்துவரலன்னு சொல்லிடு. வடக்க ஒரு ஃபேக்டரிக்காரன் ஒரே நாள்ல ஆயிரம் சட்டை அடிச்சுத் தர்றேங்கறான். நம்ம நிலாக் கணக்குக்குப் பதினேழாந் தேதி காலைல ஷிங்-ஆன் கடைசி லிஸ்ட்டு வரும். அன்னிக்கும் வரலன்னு சொன்னியோ, அந்த ஸ்கூல அவனுக்குக் குடுத்துடுவேன். எனக்கு வேற வழி இல்லம்மா."

"சரிங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, பிரித்துத் தைத்த சட்டைகளை எடுத்து மடித்தாள். மற்ற பள்ளிகள் போனால் போகட்டும். ஷிங்-ஆன் போனால், சந்தையில் அவள் பார்க்க ஒரு பெயரும் இருக்காது.

பதினைந்தாம் நாள் பெரிய படையல். பதினாறாம் நாள் தொழில்காரர்களின் படையல். இரண்டு நாளும் சேர்த்து அவள் பிளக்குகளைப் பிடுங்கியே வைத்தாள். பதினாறாம் நாள் கணினியின் பிளக்கை மறுபடி துடைக்கும்போது கை சற்று நின்றது. மனசின் மூலையில் ஏதோ ஒன்று பல மாதமாகவே நகர்ந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருப்பது அவள் வழக்கம். பார்த்ததைச் சொல்வதுதான் வழக்கமில்லை.

பதினேழாம் நாள் காலை. எல்லாவற்றையும் செருகினாள். கணினி விழித்தது. கட்டம் வந்து நின்றது.

அவளே தெருவைக் கடந்து போய் ஜின்-ஹுவாவின் கடை வாசலில் நின்றாள். அது அவள் செய்யாத காரியம். ஷாவ்-திங் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், கையில் முட்டைச் சுருளோடு இவள் வீட்டுக்கு வந்தாள். பின்னாலேயே தோசைக் கரண்டியோடு மாமியாரும் வந்தாள்.

"பாஸ்வேர்ட மாத்துனீங்களாக்கா?"

"இல்ல."

"பெட்டிய அணைச்சுப் போட்டீங்களா?"

"அவரு மூணு தடவ போட்டாரு."

ஷாவ்-திங் தன் கைபேசியில் அதே கணக்கைத் திறந்து பார்த்தாள். பட்டியல் அழகாக வந்து நின்றது. "கணக்குல ஒண்ணும் கோளாறு இல்லக்கா. இந்தக் கம்ப்யூட்டருதான் அடம் பிடிக்குது. நான் போன இங்க விட்டுட்டுப் போகவும் முடியாது, ஆஸ்பத்திரில கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க."

"பொட்டலத்துல தேதி பாத்தியா?" என்றாள் ஜின்-ஹுவா. "தேதி போன பொட்டலத்த வெச்சா இப்படித்தான்."

"நேத்துதான் படையல்ல வெச்சு எடுத்தேன். புதுசு."

சாய்-யுன் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ ரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இது படையலுக்கு மறுநாள்தான் வருது."

ஜின்-ஹுவா கரண்டியாலேயே தொடையில் தட்டிக்கொண்டாள். "நான் சொல்லல? நல்ல சகோதரருங்க வேல! மாசம் என்ன மாசம்? அவங்களுக்கும் யூனிஃபார்ம் வேணுமாம். ஒரு ரெண்டு சட்டை தெச்சு எரிச்சுடு, போதும்."

"அத்தே, கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் மருமகள்.

சாய்-யுன்னின் முகம் சிவந்துவிட்டது. இதற்குப் பயந்துதான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாள். ஆனால் இன்று பதினேழு. "இந்த மாசம் மட்டும் இல்ல," என்றாள். "எல்லா மாசமும். மூணாந் தேதி ஒண்ணு, பதினேழாந் தேதி ஒண்ணு. நடுவுல வரவே வராது. ஒரு நாள் ரெண்டு நாள் போட்டு வெச்சா தானாச் சரியாயிடுது. பாஸ்வேர்டால இல்ல, வயராலயும் இல்ல."

ஷாவ்-திங் மெல்வதை நிறுத்தினாள். "படையல் அன்னிக்கு நீங்க என்னக்கா பண்றீங்க?"

"கும்பிடுறேன்."

"கும்பிடறதுக்கு முன்னாடி?"

"பிளக்க எல்லாம் பிடுங்குவேன்."

"கம்ப்யூட்டர் பிளக்கையுமா? சுவத்துலேருந்தா?"

"எல்லாத்தையும்."

ஷாவ்-திங் முட்டைச் சுருளை மாமியார் கையில் திணித்துவிட்டுத் திரையிடம் குனிந்தாள். வலது ஓரத்தில் ஒட்டியிருந்த பச்சைப் பொட்டலத்தின் டேப்பைப் பிய்த்தாள். அதன் பின்னால், திரையின் கடைசி மூலையில், சின்ன எழுத்தில் நேரமும் தேதியும் இருந்தன. பள்ளியில் இப்போது படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் பால் குடித்துக்கொண்டிருந்த வருஷத்தின் ஜனவரி ஒன்று.

பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள்.

"அக்கா, இந்தக் கம்ப்யூட்டர் கணக்குப்படி இந்தப் பொட்டலம் இன்னும் கடைக்கே வரல!"

"அப்படின்னா?"

"உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். பிளக்கப் பிடுங்குனா தேதிய ஞாபகம் வெச்சுக்கறது அதுதான். அது செத்துப்போச்சு. நீங்க பிடுங்குனதும் இது பழைய வருஷத்துக்குப் போயிடுது. மேல கிளவுட்டுல இருக்கறவன் கேக்கறான், இன்னிக்கு என்ன தேதின்னு. இது என்னமோ உளறுது. தேதியே தெரியாதவனுக்கு எப்படிக் கதவத் தொறக்கறதுன்னு சாத்திடறான். போட்டு வெச்சா ஒரு நாள் ரெண்டு நாள்ல எங்கயோ கேட்டு சரியான தேதியப் பிடிச்சுக்குது, கதவு தொறந்துடுது." நிறுத்தி, பொட்டலத்தால் தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டாள். "தேதிய மறைச்சு இத ஒட்டுனது யாரு? நான். மொத வேலையா அதத்தான் பாத்திருக்கணும். அப்புறம் கூடப் பாக்கத் தோணல. சமர்த்தா இருக்குன்னு விட்டுட்டேன்."

சாய்-யுன் மெதுவாகக் கேட்டாள். "அப்போ, நான் பிளக்கப் பிடுங்குனதுதான் தப்பா?"

"உங்க தப்பு ஒண்ணும் இல்லக்கா. பேட்டரிக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான்."

வயசானது தனக்கில்லை, பேட்டரிக்கு என்று கேட்டதும் சாய்-யுன் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஷாவ்-திங் தேதியைக் கையால் திருத்தினாள். கட்டம் மறைந்தது. ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கி, பட்டியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஜின்-ஹுவா ஆறிப்போன முட்டைச் சுருளைத் தானே தின்றுகொண்டே, "எதுக்கும் ஒரு சட்டைய எரிச்சுடு," என்றாள்.

மாலையில் குப்பை வண்டி வழக்கமான பாட்டை ஒலித்துக்கொண்டு சந்துக்குள் திரும்பியபோது சாய்-யுன் குப்பைப் பையோடு போய் நின்றாள். ஷுய்-மூ வண்டியிலிருந்தே தலையை நீட்டினார். "வந்துச்சா?"

"வந்துச்சு. பேட்டரி."

"அப்ப நான் அந்தப் பெட்டிய அணைச்சு அணைச்சுப் போட்டதெல்லாம்?"

"ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லயா? கொஞ்சங்கூட?"

பின்னால் பை வைத்துக்கொண்டு நின்ற சந்துக்காரர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

ஷிங்-ஆன் சட்டைகள் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தன. முதலாளியம்மா பாராட்டவும் இல்லை, தொழிற்சாலைக்காரனைப் பற்றிப் பேசவும் இல்லை. சட்டை மூட்டைகளை எடுக்க வந்தவரிடம் ஒரு பை கொய்யாப்பழம் கொடுத்தனுப்பியிருந்தார். அடுத்த வாரம், இரண்டாம் வருஷப் பிள்ளைகளின் குளிர்காலச் சட்டைகளுக்கான பட்டியல் தானாக வந்து நின்றது. சாய்-யுன் அதைத் திறந்து, முதல் பெயரைப் பெரிதாக்கினாள். பிறகு ஊசியில் நூலைக் கோத்தாள்.

புது பேட்டரியைக் கைக்கடிகாரக் கடையில் வாங்கி ஷாவ்-திங் போட்டுக் கொடுத்தாள். பச்சைப் பொட்டலம் இப்போது திரையின் இடது ஓரத்தில் இருக்கிறது. தேதி முடிவதற்கு முன்னால் மாற்றிவிடுகிறார்கள். காலையில் கணினியைத் திறந்ததும் சாய்-யுன் வலது மூலையைத்தான் முதலில் பார்க்கிறாள். இரண்டாம் நாளும் பதினாறாம் நாளும் பிளக்குகளைப் பிடுங்குவதை அவள் விடவில்லை. ஷிங்-ஆன் பள்ளிப் பிள்ளைகளின் பெயர்களை இன்றும் அவள்தான் தைக்கிறாள்.